இரண்டு ஞானதீபம்

சிவகாசியில் அந்த லித்தோ அச்சகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று ஒவ்வொரு வண்ணமாக ஏறி முடிந்து முதல் தாள் வெளியே வரும்போது யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பொன்ராஜ் வந்து ரெஜிஸ்டர் பார்ப்பான்; வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அங்கே அதுதான் பெயர். பட்டாசு லேபிளில் இருக்கும் மயிலின் கழுத்தில் நீலம் கோட்டுக்கு வெளியே வழிந்திருக்கிறதா, பெண்ணின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பான். ஒரு வண்ணத்தின் மேல் அடுத்தது மயிரிழை பிசகாமல் பொருந்தியிருந்தால், "உக்காந்திருச்சு" என்பான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான் மெஷின் முழு வேகத்தில் ஓடும்.

முதலாளியே வந்து நின்றாலும் அந்தச் சொல்லைப் பொன்ராஜ்தான் சொல்ல வேண்டும். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு இப்படி ஒரு மரியாதை. அதில் அவனுக்குப் பெருமைதான். அவனைவிட அவன் மனைவி ஞானதீபத்துக்குப் பெருமை அதிகம்.

ஞானதீபம் விருதுநகரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவாள். சிவகாசி ஸ்டேஷனில் சைக்கிளோடு பொன்ராஜ் காத்திருப்பான். வீட்டுக்குக் குறுக்குத் தெரு இருந்தும், வெள்ளைச் சேலை உடுத்திய மனைவியைப் பக்கத்தில் நடக்கவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைத்தெரு வழியாகத்தான் வருவான்.

"குறுக்க போனா சீக்கிரம் போயிறலாமுல்ல?" என்று அவள் கேட்டால், "நாலு பேரு பாக்கட்டுமே, நம்ம வீட்டு ஆளும் உத்தியோகம் பாக்குதுன்னு" என்பான்.

கல்யாணமான முதல் வருஷம் அப்படித்தான் போயிற்று. ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், தீபாவளி லேபிள்களுக்கு ஆர்டர் குவிந்துகொண்டிருந்த நேரத்தில், பொன்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தான்.

முதலில் அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. ரயிலை விட்டு இறங்கி நடந்து வரும்போது, அவன் முகம் இடது பக்கமாக, புளியமரத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கண் மட்டும் ஓரமாக அவள் மேல் இருக்கும். வேண்டாதவர்களைப் பார்க்கும் பார்வை அது. சாப்பிட உட்கார்ந்தாலும் முகம் சுவரைப் பார்த்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கம் முழுவதையும் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். ராத்திரி படுக்கையிலும் அவளுக்கு முதுகைக் காட்டினான்.

காரணம் அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். விளைச்சலுக்கு நன்றி சொல்லிச் சபையில் கொண்டாடும் அறுப்பின் பண்டிகை அன்று, உறவுக்காரர்கள் கூடியிருந்த பந்தியில் மாமியார் ஜெயக்கொடி ஒரு பேச்சை எடுத்தாள்.

"வருஷம் ஒண்ணாச்சு. இனி ரயிலேறிப் போறதை விட்டுட்டு வீட்டைப் பாக்கட்டும்னு இருக்கோம்."

சோறு பிசைந்துகொண்டிருந்த ஞானதீபம் நிமிர்ந்தாள். "விடுறதுக்கா அத்தே படிச்சேன்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜெயக்கொடியின் முகம் சுண்டிப்போயிற்று. பொன்ராஜ் அப்போது சிரித்தான் என்றுதான் அவளுக்கு ஞாபகம். ஆனால் அடுத்த வாரமே முகம் திரும்பிவிட்டது.

ஜெயக்கொடியும் அதைக் கவனித்திருந்தாள். அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "எம் மவன் வாயத் தொறந்து கோவிக்க மாட்டான். மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னா மனசு விட்டுப்போச்சுன்னு அர்த்தம். அவுக அப்பாவும் இப்படித்தான்."

வேலையை விட்டுவிட்டால் முகம் திரும்பி வருமா என்று ஞானதீபம் ரயிலில் யோசித்துக்கொண்டே போவாள். ஆஸ்பத்திரி வாசலில் காலை வைத்ததும் விட முடியாது என்று தோன்றும். மாலையில் ஸ்டேஷனில் அந்த ஓரப் பார்வையைக் கண்டதும் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று தோன்றும்.

ஒரு நாள் மாலை ஸ்டேஷனில் பொன்ராஜோடு அச்சகத்தில் மை கலக்கும் யோபுவும் நின்றான். பொன்ராஜுக்கு மைத்துனன் முறை. கேலி பேசாமல் இருக்கத் தெரியாதவன். பொன்ராஜ் சைக்கிளை எடுக்கப் போன நேரம் பார்த்து அவளிடம் வந்தான். முகத்தில் கேலி இல்லை.

"தங்கச்சி, மாப்பிள்ளைக்கு வீட்டுல என்ன செஞ்சீக?"

"நான் என்ன அண்ணே செஞ்சேன்?"

"இன்னைக்கும் மெஷினை நிப்பாட்டிட்டான். சிவப்பு விலகியிருக்குங்கான். எனக்குத் தெரியலே, முதலாளிக்கும் தெரியலே. தாளை எடுத்து அவன் கையிலே குடுத்தா, 'சரியாத்தான் இருக்கு'ங்கான். திரும்ப அங்கன மெஷின்ல பாத்தா விலகியிருக்காம். 'மாப்ளே, காலையிலயே தண்ணியப் போட்டுட்டு வந்துட்டியா'ன்னு கேட்டேன். அடிக்க வந்துட்டான்."

"அவுகளா?"

"அவனேதான். முதலாளி, 'நீ இந்த லோடு முடியுற மட்டும் வீட்டுல இரு, வேற ஆளு பாக்கட்டும்'னுட்டாரு. உங்கிட்டச் சொல்ல மாட்டான், அதான் நான் சொல்லுதேன்."

அன்று அவர்கள் கடைத்தெரு வழியாகப் போகவில்லை. பொன்ராஜ் குறுக்குத் தெருவில் சைக்கிளைத் திருப்பினான். பாதி வழியில் ஞானதீபம் நின்றாள்.

"எம் மேல கோவம்னா நேராப் பாத்துச் சொல்லுங்க. வேலையை விடச் சொன்னா விட்டுறேன். இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காதீக."

பொன்ராஜ் திகைத்தான். "கோவமா? உம் மேல எனக்கு என்ன கோவம்?"

"பின்னே எதுக்கு அங்கிட்டே பாக்கீக?"

அவன் சைக்கிள் மணியின் மேல் விரலை வைத்துத் தேய்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "நீ ரயிலை விட்டு இறங்கி வாரேல்ல, அப்ப ரெண்டு ஞானதீபம் வாரா. பக்கத்துல பக்கத்துல. ரெண்டு வெள்ளைச் சேலை, ரெண்டு டிபன் கேரியர். கிட்ட வர வர ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்திரும். தூரத்துலயே ஒண்ணாப் பாக்கணும்னா மூஞ்சிய இப்படி இடப்பக்கம் திருப்பணும். உன்னை ஒருத்தியாப் பாக்கத்தான் திருப்பினேன், தீபம்."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் தெருவில் விழுந்தது போல இருந்தது. அடுத்த மூச்சிலேயே அவளுக்குள் இருந்த நர்ஸ் விழித்துக்கொண்டாள். தெருக்கோடி விளக்குக் கம்பத்தைக் காட்டினாள்.

"எத்தனை கம்பம்?"

"ரெண்டு."

அவன் வலக் கண்ணை உள்ளங்கையால் மூடினாள். "இப்ப?"

"ஒண்ணு."

கையை எடுத்து இடக் கண்ணை மூடினாள். "இப்ப?"

"இப்பவும் ஒண்ணு."

ஒரு கண்ணில் பழுது என்றால் அதை மூடினால்தான் சரியாக வேண்டும். இங்கே எதை மூடினாலும் சரியாகிறது. தனித்தனியே இரண்டு கண்ணும் நன்றாக இருக்கின்றன. சேர்ந்து ஓடத்தான் மறுக்கின்றன. இது கண்ணாடி போட்டுத் தீருகிற விஷயமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

"யாருகிட்டயும் சொல்லாதே" என்றான் பொன்ராஜ். "ரெஜிஸ்டர் பாக்குறவனுக்கு எல்லாம் ரெண்டாத் தெரியுதுன்னா சிவகாசியில எவன் வேலை குடுப்பான்?"

"நாளைக்குக் காலையில என்கூட ரயிலேறுங்க. மத்ததைப் பெறகு பாப்போம்."

மறுநாள் ஜெயக்கொடியும் கூட வந்தாள். தாம்பத்தியச் சண்டைக்கு ஆஸ்பத்திரியில் என்ன வைத்தியம் என்று பார்க்க வந்தவள், வண்டியில் விஷயம் தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். விருதுநகர் வரும்வரை அவள் உதடுகள் ஜெபத்தில் அசைந்துகொண்டே இருந்தன.

டாக்டர் லட்சுமிகாந்தம் அதிகம் பேசாதவர். பேசினால் கொஞ்சம் குத்தலாகப் பேசுவார். பொன்ராஜை உட்காரவைத்துத் தன் விரலைப் பார்க்கச் சொல்லி வலப்பக்கம் கொண்டுபோனார். இரண்டு கண்ணும் ஒன்றாகப் போயின. இடப்பக்கம் கொண்டுபோனார். வலக் கண் மூக்குப் பக்கமாக வந்தது. இடக் கண் நடுவிலேயே நின்றுவிட்டது. வெளிக்கோடிக்குப் போகவே இல்லை.

பிறகு அறையை இருட்டாக்கினார். ஞானதீபத்தை எதிர்ச் சுவரோரம் விளக்கோடு நிற்கச் சொல்லிவிட்டு, பொன்ராஜின் இடக் கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடித் துண்டைப் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"ரெண்டு விளக்கு டாக்டர். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சிவப்பு."

"சிவப்பு எங்கே நிக்குது?"

பொன்ராஜின் குரலில் பழைய தெளிவு வந்தது. இது அவனுக்குப் பழகின வேலை. "இடப்பக்கம் விலகி நிக்குது. மேல கீள பிசகில்லே, படுக்கைவாட்டுல மட்டுந்தான். சரிவும் இல்லே." டாக்டர் விளக்கை இடது பக்கம் நகர்த்தச் சொன்னார். "இப்ப இன்னும் விலகுது." வலது பக்கம் நகர்த்தச் சொன்னார். "சேர்ந்து வருது... சேர்ந்து வருது... இந்தா, உக்காந்திருச்சு."

டாக்டர் கண்ணாடித் துண்டை இறக்கினார். "என்னய்யா வேலை பாக்குறீங்க?"

"லித்தோ அச்சகத்துல ரெஜிஸ்டர் பாக்கேன்."

"அதானே பாத்தேன். இதே கேள்விக்கு வக்கீல் ஒருத்தர் எங்கிட்ட அரை மணி நேரம் வாதாடினார்."

விளக்கோடு நின்ற ஞானதீபத்துக்கு அந்த நிலைமையிலும் நெஞ்சு நிமிர்ந்தது.

டாக்டர் ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். "கண்ணை வெளிப்பக்கமா இழுக்க ஒரு தசை இருக்கு. அதுக்குன்னு தனியா ஒரு நரம்பு, ஆறாவது நரம்பு. மூளைக்கு அடியில புறப்பட்டு, எலும்பு மேல ஏறி, வளைஞ்சு வளைஞ்சு கண்ணுக்கு வருது. நீளமான பாதை. வழியில எங்கே மறிச்சாலும் கண் நடுவுல நின்னுடும். உங்களுக்கு இடப்பக்கம் மறிச்சிருக்கு. எது மறிச்சதுன்னுதான் கண்டுபிடிக்கணும்."

"கண்ணு போயிருமா டாக்டர்?" என்றாள் ஜெயக்கொடி.

"கண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா. மறிச்சது எதுங்கிறதைப் பொறுத்துதான் எல்லாம்."

எது எது மறிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒவ்வொன்றாகத் தேடியதைப் பார்த்து ஞானதீபம் புரிந்துகொண்டாள். தலையில் அடிபட்டதா என்று கேட்டார், இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. சர்க்கரை நோய் அந்த நரம்பைப் பிடிப்பதுண்டு என்பதால் சிறுநீர் எடுக்கச் சொன்னார். ஞானதீபமே நீல மருந்தில் அதைக் கலந்து கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டினாள். சர்க்கரை இருந்தால் நிறம் பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறி, செங்கல் சிவப்பு வரைக்கும் போகும். குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நீலம் நீலமாகவே இருந்தது.

அடுத்து டாக்டர் ஒரு சின்ன விளக்குக் கருவியால் கண்மணிக்குள் பார்த்தார். தலைக்குள் கட்டி வளர்ந்து அழுத்தம் ஏறியிருந்தால் கண்ணுக்குப் பின்னால் நரம்பின் முனை வீங்கியிருக்கும். கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"வீக்கம் இல்லை" என்றார். பிறகு அவளைப் பார்க்காமலே, "ஞானதீபம், நீயும் அம்மாவும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றார்.

அவர் என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ மனைவிமாரை அவளே இப்படி வெளியே அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். தகாத உறவில் வரும் நோயும் இந்த நரம்பைத் தாக்கும். ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டர்கள் கணவனிடம் தனியாகக் கேட்பார்கள். அவள் கதவருகில் நிமிர்ந்து நின்றாள். சுவரில் சாய்ந்துகொள்ளக்கூட மனம் வரவில்லை. தன் புருஷனைப் பற்றிச் சந்தேகம் ஒரு கணமும் வரவில்லை என்பது அவளுக்கே பின்னாளில் பெருமையாக இருந்தது.

கதவு திறந்தது. "ரத்தம் எடுத்து அனுப்புவோம், வழக்கத்துக்காக" என்றார் டாக்டர். "ஆளைப் பாத்தா அப்படித் தெரியலை. காதுல ஏதாவது தொந்தரவு உண்டா?"

"இல்லே டாக்டர்" என்றான் பொன்ராஜ், கொஞ்சம் அவசரமாக.

அந்த அவசரம் ஞானதீபத்தின் காதில் விழுந்தது. அவனைப் பார்த்தாள். இடக் காதில் பஞ்சு இருந்தது. அது புதிதில்லை. மெஷின் இரைச்சலுக்காக அச்சகத்தில் எல்லாரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். யோபு பஞ்சோடுதான் கல்யாணப் பந்தியிலேயே உட்கார்ந்தான். சிவகாசியில் யாரும் அதைப் பார்த்து ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவளும் கேட்டதில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மெஷின் ஓடவில்லையே. இன்றைக்கு அவன் அச்சகத்துக்கே போகவில்லையே. அதுவும் ஒரே ஒரு காதில்.

"டாக்டர், இவுக இடக் காதுல பஞ்சு இருக்கு" என்றாள். "ஞாயித்துக்கிழமையும் இருந்துச்சு."

பொன்ராஜ் தலை குனிந்தான். பேசியது ஜெயக்கொடி.

"சின்னதுல இருந்தே அந்தக் காதுல சீ வடியும் டாக்டர். நிக்கும், மறுபடி வரும். பொண்ணு கேக்கப் போறப்ப... பொண்ணு நர்ஸுன்னாக. கண்டுபிடிச்சிட்டா வேண்டாம்னுருவாகன்னு நாந்தான் பஞ்சை வைக்கச் சொன்னேன். பெறகு சொல்ல வாய் வரலே."

"நாத்தம் அடிக்கும்னுதான் அங்கிட்டுத் திரும்பிப் படுத்தேன்" என்றான் பொன்ராஜ், தரையைப் பார்த்து.

டாக்டர் பஞ்சை எடுத்தார். நாற்றம் அறையில் பரவியது. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். காதுக்குப் பின்னால் எலும்பில் விரலை அழுத்தியதும் பொன்ராஜ் முகம் சுளித்தான்.

"இந்தக் கண்ணுக்குப் பின்னாடி வலி இருக்கா? ராத்திரி குத்துதா?"

"இருக்கு டாக்டர். கண்ணைச் சுளிச்சுப் பாக்குறதால வலிக்குன்னு நெனைச்சேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "காதில் சீழ், கண்ணுக்குப் பின்னாடி வலி, வெளிப்பக்கம் போகாத கண். மூணும் ஒரே பக்கம். சீழ் காதைத் தாண்டி உள் எலும்பின் நுனி வரைக்கும் போயிருக்கு. ஆறாவது நரம்பு அந்த நுனியை ஒட்டித்தான் போகுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூளைச் சவ்வுக்குப் போயிருக்கும்." ஞானதீபத்தின் பக்கம் திரும்பினார். "பஞ்சைப் பார்த்த கண்ணு நல்ல கண்ணு. இன்னைக்கே பெனிசிலின் ஆரம்பி. மதுரைக்குக் கடிதம் தர்றேன். எக்ஸ்ரே எடுத்து, காதுக்குப் பின்னாடி எலும்பைத் திறந்து சுத்தம் பண்ணிடுவாங்க."

வராந்தாவில் ஜெயக்கொடி மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள். "மறைச்சது என் தப்பு தாயீ."

"காது வடியுதுன்னு சொல்லியிருந்தாலும் நான் கட்டியிருப்பேன் அத்தே" என்றாள் ஞானதீபம். "வந்த அன்னைக்கே சுத்தம் பண்ணி மருந்து போட்டிருப்பேன். அதுக்குத்தானே படிச்சேன்."

ஜெயக்கொடி அழுதுகொண்டே சிரித்தாள். முதல் ஊசியை ஞானதீபமே போட்டாள். "மெதுவா" என்றான் பொன்ராஜ். "மூஞ்சியத் திருப்பிக்கோங்க" என்றாள் அவள்.

மதுரையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அனுப்பிய ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. சீழ் வற்றியது, வலி நின்றது. கண் மட்டும் உடனே திரும்பவில்லை. "நரம்பு மெதுவாத்தான் விழிக்கும், சில மாசம் ஆகலாம்" என்று லட்சுமிகாந்தம் முன்பே சொல்லியிருந்தார். அதுவரை ஒரு கண்ணை மறைத்துக்கொள்ளச் சொன்னார். தீபாவளி லேபிள்கள் பொன்ராஜ் இல்லாமலே அச்சாகிப் போயின. அதைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. பேசாததுதான் ஞானதீபத்தை வருத்தியது.

காதுக் கட்டு அவிழ்த்த பிறகு அவன் பழையபடி மாலையில் ஸ்டேஷனுக்கு வந்தான். ரயிலை விட்டு இறங்கியதும் அவள் பிளாட்பாரத்தின் கோடியிலேயே நிற்பாள். அவன் கண் மறைப்பை எடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பாமல் நேராகப் பார்ப்பான். கிட்டே வந்ததும் அவள் கேட்பாள்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல எம்புட்டு இடம்?"

"ஒரு வத்தல் மூடை வைக்கலாம்."

சில வாரம் கழித்து, "ஒரு ஆளு நிக்கலாம். ஒல்லியான ஆளு. யோபு மாதிரி."

மழைக்காலம் தொடங்கியபோது, "ஒரு பச்சைப் பிள்ளை நிக்கலாம்."

அவள் முகம் சிவந்து, "அதுக்கு இடம் இருக்கட்டும்" என்றாள். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டான்.

காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு மாலையில் அவள் வழக்கம்போல் கோடியில் நின்றாள். கூட்டம் கலைந்தது. அந்தப் பக்கம் பொன்ராஜ் நேராக நின்றான். மறைப்பை எடுத்தான். அவள் இரண்டு அடி வைப்பதற்குள் அவன் குரல் வந்தது. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மெஷின் முன்னால் நின்று சொல்வது போலத்தான் சொன்னான்.

"உக்காந்திருச்சு."

பக்கத்தில் நின்ற போர்ட்டர் எங்கே உட்கார்ந்தது என்று திரும்பிப் பார்த்தான். ஞானதீபத்துக்குத் தூரத்தில் கலங்கித் தெரிந்த புருஷன், அவள் கண்ணைத் துடைத்ததும் ஒருவனாகத் தெளிந்தான்.

அன்று கடைத்தெரு வழியாகத்தான் போனார்கள். வழியில் கண்டவர்களிடமெல்லாம் பொன்ராஜ் நின்று சொன்னான்: "கண்டுபிடிச்சது இவ. டாக்டரே சொன்னாரு." போதும் வாங்க என்று அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சொன்னாளே தவிர, நடையை வேகப்படுத்தவில்லை.

மறுநாள் காலை அச்சகத்திலிருந்து யோபு வந்து நின்றான். "மாப்ளே, முதல் தாளு வந்து கிடக்கு. எவனும் வாயத் தொறக்க மாட்டேங்கான். முதலாளி உன்னைக் கூட்டியாரச் சொன்னாரு."

பொன்ராஜ் சட்டையை மாட்டினான். ஞானதீபம் அவன் போவதைப் பார்க்க வாசலுக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டாள். உள்ளேயிருந்து ஜெயக்கொடி டிபன் கேரியரைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள்.

"இங்கன என்ன நின்னுக்கிட்டு? ரயிலுக்கு நேரமாகுதுல்ல. அங்க எத்தனை பேரு காதுல பஞ்சோட காத்துக் கிடக்காகளோ. கெளம்பு தாயீ, கெளம்பு."